கோடை சீசனில் உதகை அருங்காட்சியகம்: எந்த நாளில் போவது?

மதுரைக்காரன்:
மே மாதம் இரண்டாவது வாரத்தில், வெள்ளியும் சனியும் உதகையில் தங்கி, மைசூர் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தையும் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் காட்சிக்கூடத்தையும் பெற்றோருக்குக் காட்ட எண்ணியிருக்கிறேன். பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை என்பதால் இதைவிடப் பொருத்தமான வாரம் அமையாது என்று தோன்றுகிறது.

கோத்தகிரிவாசி:
வாரம் பொருந்தலாம், நாள்கள் பொருந்தவில்லை ஐயா. மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. நீங்கள் சொல்லும் இரண்டு நாளும் அதில் அடங்கிவிடுகின்றன. ஊரெங்கும் கூட்டம் வழியும் சீசனில் அருங்காட்சியகமும் கூடுதலாகத் திறந்திருக்கும் என்று நம்பி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய உறவினர்கள் எனக்கே உண்டு. என்னைக் கேட்டால் ஜூன் கடைசியில் வாருங்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கொட்டும் அளவுக்கு உதகை நகரில் பெய்வதில்லை. பெய்தாலும் நீங்கள் பார்க்கப்போவது கூரைக்கு அடியில்தானே?

மதுரைக்காரன்:
கூரைவரை வந்து சேர வேண்டுமே! மூட்டுவலியுள்ள அம்மாவை மழைக்குளிரில் அழைத்துவர மனம் ஒப்பவில்லை. ஜூனில் பள்ளியும் திறந்துவிடும்.

குன்னூரான்:
குறை பயணிகளிடம் இல்லை. மே மாதம் முழுவதும் விடுமுறையின்றித் திறந்துவைத்து, அதற்கான பணியாளர் செலவைச் சீசன் கட்டணமாக வெளியூராரிடம் வசூலிப்பதில் என்ன தவறு? அறைவாடகை சீசனில் எவ்வளவு ஏறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. அருங்காட்சியகம் மட்டும் ஏன் சில்லறைக் காசில் நிற்க வேண்டும்?

கோத்தகிரிவாசி:
திறந்துவைப்பதை ஏற்கிறேன், கட்டணத்தை ஏற்க மாட்டேன். 2024 மலர்க் காட்சியில் தாவரவியல் பூங்காவுக்குப் பெரியவர் கட்டணத்தை 150 ரூபாயாக்கி, எதிர்ப்பு எழுந்தபின் 125 ஆகக் குறைத்தார்கள். அந்த வரிசையில் நின்றவர்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இருந்தன. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் பொருள்களை வைத்திருக்கும் ஓரிடத்தில் அந்த மக்களின் பிள்ளைகளே விலை பார்த்துத் தயங்கும்படி ஆகக் கூடாது.

குன்னூரான்:
நான் சொன்னது வெளியூராருக்கு மட்டும். உள்ளூர் முகவரி காட்டினால் பழைய கட்டணமே போதும்.

கோத்தகிரிவாசி:
வாசலில் ஆதார் அட்டை கேட்டு நிறுத்தினால் வரிசை நகர நடுவிலுள்ள சேரிங் கிராஸ் சந்திப்பு வரை நீளும். இது வேறு விவாதம்; கேட்டவருக்குப் பதில் சொல்வோம். மே மாதமேதான் என்றால் புதன், வியாழனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சொந்தக் காரில் வருவதானால், வண்டி மலைக்குள் நுழைவதற்கான இணையவழி அனுமதியான இ-பாஸை முன்கூட்டியே எடுங்கள். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் நாளொன்றுக்கு 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லையும் இல்லை. பாலாடா மையத்துக்கு மட்டும் முதல்நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மதுரைக்காரன்:
புதன் காலை மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் ஏறுவதாக மாற்றிவிட்டேன். மலர்க் காட்சியை அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.