டைலில் ஒட்டாத அக்ரோபோரா லார்வா: எங்கே தவறு?

கேள்வி:
அக்ரோபோரா டெனுயிஸ் என்ற கிளைப் பவளத்தின் லார்வா, கருவுற்று இன்று 6-ஆம் நாள். 27 டிகிரி, 1 மைக்ரான் வடிகட்டிய கடல்நீர், லிட்டருக்குச் சுமார் 500 லார்வா. நன்றாக நீந்துகின்றன. சில கீழே வந்து டைலை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு மேலே போய்விடுகின்றன. சுட்ட களிமண் டைலை 3 வாரம் வடிகட்டிய நீரில் ஊறவைத்தேன். மேலே பச்சை இழைப்பாசி. தொட்டியின் அடியில் படுக்க வைத்திருக்கிறேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. இன்னும் வயதாகவில்லையா?

பதில் 1:
வயது சரிதான். முட்டிப் பார்க்கிறது என்றாலே இடம் தேடத் தொடங்கிவிட்டது. தேடி வந்தது டைலில் இல்லை, அதனால்தான் திரும்பிப் போகிறது. அக்ரோபோரா நாடுவது பாறைமேல் ஓடுபோலப் படரும் சுண்ணச் செம்பாசியையும் அதன்மேல் படர்ந்த பாக்டீரியாப் படலத்தையும். வடிகட்டிய நீரில் செம்பாசி வித்து எங்கிருந்து வரும்? டைலைப் பவளத்திட்டிலேயே 6–8 வாரம் கட்டிவையுங்கள். இழைப்பாசி வண்டலைப் பிடித்துவைத்து இருக்கிற இடத்தையும் கெடுக்கும். அந்த டைலை ஒதுக்கிவிடுங்கள்.

இந்தத் தொகுதியைக் காப்பாற்ற, உயிருள்ள செம்பாசியில் 3–5 மி.மீ. சில்லு உடைத்துச் சோதியுங்கள். 6 குழித் தட்டு, குழிக்கு 10 மி.லி. நீர், 10 லார்வா, ஒரு சில்லு. சில்லில்லாத குழிகளும் கட்டாயம் வேண்டும். 24 மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி:
எந்தச் செம்பாசியும் ஆகுமா? டெட்ராப்ரோமோபைரோல் (லார்வாவை உருமாறத் தூண்டும் பாக்டீரியா வேதிப்பொருள்) சேர்த்தால் போதாதா?

பதில் 2:
செம்பாசியிலும் ஆள் பார்க்க வேண்டும். டைட்டனோடெர்மா என்ற செம்பாசி வகை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. சில இனங்கள் மேல்தோலை உரித்துத் தள்ளும்போது ஒட்டிய குஞ்சும் கூடவே போய்விடும்.

அந்த வேதிப்பொருளை நம்ப வேண்டாம். தனியாகக் கொடுத்தால் பல லார்வாக்கள் எதிலும் ஒட்டாமலே நீரில் மிதந்தபடி உருமாறிவிடும். அவை பெரும்பாலும் பிழைக்காது.

டைலைத் தொட்டியின் அடியோடு ஒட்டிப் படுக்க வைத்ததும் தவறு. 2 செ.மீ. உயர்த்தி வையுங்கள். லார்வா மங்கலான அடிப்பக்கத்தையும் பள்ளங்களையும் விரும்பும். அங்கே வண்டல் படியாது, மேயும் மீனின் வாயும் எட்டாது. எண்ணும்போது பிப்பெட்டால் மெல்ல நீரைப் பீய்ச்சுங்கள். நகராமல், தட்டையான வட்டமாக, நடுவிலிருந்து சக்கர ஆரம்போலக் கோடுகள் தெரிந்தால்தான் கணக்கில் சேருங்கள். முத்துப்போல உருண்டு கிடப்பது வெறுமனே ஓய்வெடுக்கிறது.