புதுப்பிப்பு: ஊழியப் பயண நாடகத்தில் மைக் கூவியது, இப்போது சரி

எங்கள் சேகர (சில சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டாரம்) வாலிபர் குழு கிராமத்தில் தெரு நாடகம் போடும்போது மைக் கூவுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

பலித்தது ஸ்பீக்கரை நகர்த்தச் சொன்ன யோசனைதான். இரண்டு பெட்டியையும் நடிப்பவர்களுக்கு 6 அடி முன்னால், கூட்டத்தைப் பார்த்து வைத்தாயிற்று. முன்பு பின்னால் இருந்ததால் அதே சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து சுற்றியது. பேசாதவர் மைக்கின் ஒலியை மிக்சரில் (எல்லா மைக்கின் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் கருவி) இறக்கிவைக்க ஒருவர் தனியாக உட்கார வேண்டும். கனத்த ஒலி, கீச்சொலியைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திருகியதில் பெரிய பலனில்லை.

எதிர்பாராதது: ஆலயத்துத் தகரக் கொட்டகைக்குள் மறுபடி லேசாகக் கூவியது. மைக்கை வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் பிடித்து, ஒலியைக் குறைத்ததும் நின்றது.

ஒலிபெருக்கிக்கு அனுமதி முன்கூட்டியே வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் போட முடியாது. 7 மணிக்கே தொடங்கிவிடலாம்.