எக்ஸ்-டிங்ஷன் அஜெண்டா: எந்தத் தொகுப்பு வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. 1990-ல் வந்த இந்த எக்ஸ்-மென் காமிக்ஸ் கதை 9 பாகம். 3 தொடர்களில் மாறி மாறி ஓடும். இதழ் எண்படி வரிசை: அன்கேனி எக்ஸ்-மென் 270, நியூ மியூட்டன்ட்ஸ் 95, எக்ஸ்-ஃபேக்டர் 60. பிறகு 271, 96, 61. கடைசியில் 272, 97, 62. அன்கேனி எக்ஸ்-மென் இதழ்கள் மூன்றையும் மொத்தமாகப் படித்தால் கதை அறுந்துபோகும்; நியூ மியூட்டன்ட்ஸ் குழுவின் வார்லாக் சாவதே நியூ மியூட்டன்ட்ஸ் 95-ல்தான்.

இந்த வரிசையிலேயே அச்சான தொகுப்பு எது? ஜெனோஷா தீவு நாடு அறிமுகமான அன்கேனி எக்ஸ்-மென் 235 முதல் 238 வரை (1988) அதில் உண்டா? அது இல்லாமல் மியூட்டன்ட்களை (பிறவியிலேயே விசேஷ சக்தி உள்ளவர்களை) அடிமையாக்கும் அந்த நாடே பிடிபடாது, ஹாட்ஜ் வெறும் தேள் உடம்பு வில்லனாகத்தான் தெரிவான்.

கையில் வைத்திருப்பவர்கள் நடு மடிப்பைப் படமெடுத்துப் போடுங்களேன். தடிமனான பைண்டிங் ஓவியர் ஜிம் லீயின் இரட்டைப் பக்கங்களை விழுங்கிவிடும்.