வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தீராத சோர்வு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் விட்டும் உடம்பு தேறவே இல்லை. தலைக்குக் குளித்து முடியை உலர்த்தினாலே போதும். அன்று ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுத்த படுக்கையாகிவிடுகிறாள். ஜன்னல் வெளிச்சம்கூடத் தாங்கவில்லை. ரத்தப் பரிசோதனைகளில் ஒரு குறையும் இல்லை. எம்.இ. எனப்படும் நாட்பட்ட சோர்வு நோய் என்று ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு மருத்துவரோ தினமும் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்கிறார். ஆனால் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அப்படிப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியை இந்த நோய்க்குத் தரக் கூடாது என்கிறது. இருக்கிற சக்திக்குள் வேலைகளை அடக்கிக்கொள்ளத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் 2015-இல் வந்த மருத்துவக் கழக அறிக்கையும், உழைப்புக்குப் பின் வரும் இந்தச் சரிவை நோயின் முக்கிய அடையாளமாக வைக்கிறது. மனசு வைத்தால் எழுந்துவிடலாம் என்று அவளிடம் யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே வேலையை அளந்து செய்பவர்கள் இருக்கிறீர்களா? எந்த அளவு வந்ததும் நிறுத்துகிறீர்கள்? எழுந்து நின்றாலே அவளுக்குத் துடிப்பு எகிறுகிறது. இது பாட்ஸா (எழுந்து நின்றால் துடிப்பு அளவுக்கு மீறி ஏறும் கோளாறு) என்று பார்க்க என்ன பரிசோதனை கேட்க வேண்டும்? நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தைக் குறைந்த அளவில் எடுத்தவர்களின் அனுபவம் எப்படி? அப்புறம், இந்த வழிகாட்டுதலை மருத்துவர் மனம் கோணாமல் எப்படி எடுத்துக் காட்டினீர்கள்? சத்து மாத்திரை விளம்பரங்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.