"புக்டு", "கடைசி பீஸ்", "இன்று மட்டும்": அவசரப்படுத்தி விற்கும் தந்திரங்களில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

சேலத்து நூல்காரி
பேஸ்புக் லைவில் புடவை விற்பது எப்படி நடக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். இளம்பிள்ளையில் தெரிந்த கடைக்கு மொத்தமாக எடுக்கப் போயிருந்தேன். மாடியில் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. ரிங் லைட்டுக்கு முன்னால் ஒரு பெண் முந்தியை விரித்து, "சிங்கிள் பீஸ்தான்க்கா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்ஆப் பண்ணுங்க" என்கிறாள். கேமராவில் விழாத பக்கம் இன்னொரு சின்னப் பெண், மடியில் மூன்று போன், மூன்றிலும் வேறு வேறு பெயரில் கணக்கு. ஒன்றில் "புக்டு", அடுத்ததில் "மெரூன் எனக்கு", மூன்றாவதில் "அய்யோ மிஸ் பண்ணிட்டேன்". அவள் சாய்ந்திருந்த கட்டு முழுக்க அதே டிசைன், அதே மெரூன்.

அப்போது நிஜமான கமெண்ட் ஒன்று வந்தது. "அக்கா, சம்பளம் ஒன்னாம் தேதிதான், எடுத்து வைப்பீங்களா?" அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சின்னப் பெண் சட்டென்று இன்னொரு போனில் "புக்டு" என்று போட்டாள். கொஞ்ச நேரத்தில் கேட்டவரிடமிருந்தே பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் வந்து விழுந்தது. எங்கே புரட்டினாரோ தெரியவில்லை. அந்தக் கமெண்டைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

வைகைக்கரை
எங்கள் வீட்டில் டைமர். தங்கச்சி பையன் 99 ரூபாய் வெபினார் ஒன்றைப் பார்த்துவிட்டு, டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸில் சேரப் பணம் கேட்டான். "இந்த விலை இன்னும் 15 நிமிடம்தான்" என்று திரையில் சிவப்பு எண்கள் ஓடுகின்றன. அதே லிங்கை என் போனில் திறந்தேன். அவன் போனில் 03:12, என் போனில் 14:58. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பார்த்தான், புரிந்தது. அப்புறமும் சொல்கிறான், "மாமா, டைமர் பொய்யாவே இருக்கட்டும், ஒருவேளை விலை ஏறிட்டா?"

பொய் என்று கண்ணால் பார்த்த பிறகும் கை நடுங்குகிறதே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கோர்ஸின் பாடத்திட்டத்திலேயே 'அவசர உணர்வை உருவாக்குவது எப்படி' என்று ஒரு வகுப்பு இருந்தது.

உடன்குடி கருப்பட்டி
இருவர் சொன்னதும் பொய் வியாபாரம். அதற்காக மனோதத்துவத்தையே குற்றம் சொல்லாதீர்கள். மனிதர்கள் எதனால் 'சரி' என்று இணங்குகிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் சியால்டினி 1984-ல் ஆறு விஷயங்களைச் சொன்னார்: வாங்கியதற்குத் திருப்பிச் செய்ய நினைப்பது, சொன்ன சொல்லில் நிற்பது, நாலு பேர் செய்வதைச் செய்வது, பிடித்தவர் பேச்சைக் கேட்பது, விஷயம் தெரிந்தவரை நம்புவது, கிடைக்காததற்கு ஏங்குவது. 2016-ல் 'நம்ம ஆள்' என்ற உணர்வை ஏழாவதாகச் சேர்த்தார். காய்கறிக் கடையில் கொசுறாகக் கறிவேப்பிலை வைப்பதும் இதில் முதல் வகைதான். அதை ஏமாற்று என்று யாராவது சொல்வோமா?

என் கதை இது. பதநீர் இறக்கும் காலம் முடிந்தால் கருப்பட்டி காய்ச்ச வழியில்லை. மழை மாதங்களில் கையிருப்புதான். போன ஐப்பசியில் "கடைசி 20 கிலோ" என்று இன்ஸ்டாவில் போட்டேன். உண்மையிலேயே அவ்வளவுதான் இருந்தது. வழக்கமாக வாங்கும் அம்மா ஒருவர் போன் செய்து, "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க, நீங்களுமா தம்பி?" என்றார். என்ன சொல்லியும் நம்பவில்லை. உண்மையைச் சொல்வதற்கு என்னிடம் இருந்த வார்த்தையையும் அந்த மூன்று போன்கள் எடுத்துக்கொண்டன.

சுபா, மதுரை
கருப்பட்டி அண்ணா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் கொசுறு கொடுப்பவரின் முகம் நமக்குத் தெரியும், விலை சரியில்லை என்றால் அங்கேயே நின்று சண்டை போடலாம். திரையில் யாரோடு போடுவது?

அம்மாவுக்கு விமான டிக்கெட் எடுக்கும்போது இன்சூரன்ஸை வேண்டாம் என்று சொல்ல ஒரு சின்ன சாம்பல் நிற வரி. "வேண்டாம், என் பயணத்துக்குப் பாதுகாப்பு தேவையில்லை" என்று. அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "கிளம்பும்போதே ஏண்டி இப்படி ஒரு வார்த்தை, அதையும் போட்டுடு" என்றார். போட்டேன். காசு பெரிதில்லை. அம்மாவின் அந்த முகம்தான்.

நுகர்வோர் தோழன்
எனக்கும் ஒரு செயலியில் இலவச மாதம் முடிந்ததும் பணம் பிடித்தார்கள், அதை விடுங்கள். எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சுபா சொன்ன கூத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். பொய் அவசரம் முதலாவது. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றவிடுவது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது, விளம்பரத்தைச் செய்தி மாதிரி காட்டுவது எல்லாம் அதில் உண்டு. விமானப் பயண இன்சூரன்ஸையே உதாரணமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

வைகைக்கரை சார், உங்கள் டைமர் புதிதில்லை. 2019-ல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் சுமார் 11,000 ஷாப்பிங் தளங்களை அலசி, இந்த மாதிரித் தந்திரங்கள் மொத்தம் 1,818 இருப்பதைக் கண்டார்கள். ஓடி முடிந்து திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும் டைமர்களும் அதில் இருந்தன. எங்கே டைமர் பார்த்தாலும் இன்னொரு போனில் திறந்து பாருங்கள். சந்தாவுக்குத் தானாகப் பணம் பிடிக்க யூபிஐ ஆட்டோபே போட்டிருந்தால் உங்கள் யூபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்யலாம். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வரவேண்டும், அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளாதீர்கள். வாங்கும் முன் விலைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆளுக்கு ஒரு புகார் போட்டாலே கணக்கில் ஏறும். சும்மா இங்கே புலம்பிப் பயனில்லை.

கொள்ளிடம் ராணி
புலம்பல் என்று சொல்லாதீர்கள் சார். எங்கள் அப்பா 1915-க்குப் போன் செய்து என்ன சொல்வார்?

அக்காவுக்கு வரன் பார்க்கும் தளம். இலவசக் கணக்கு. தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பாவுக்கு அறிவிப்பு வரும்: "5 பேர் உங்கள் மகளின் விவரத்தைப் பார்த்தார்கள்". தொட்டால் மங்கலாக்கிய ஐந்து முகங்கள், கீழே பணம் கட்டச் சொல்லும் பொத்தான். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த மங்கலான படங்களை உற்றுப் பார்ப்பார். "இந்தப் பையன் நம்ம ஊர்ப் பக்கம் மாதிரி இருக்குல்ல?" என்று என்னிடம் நீட்டுவார். முகமே தெரியாத படம் அது. நெல் விற்ற காசில் கட்டினார். படங்கள் தெளிவானபோது அதில் இரண்டு பேருக்கு எப்போதோ கல்யாணம் ஆகியிருந்தது, மற்றவர்கள் யாரும் போனே எடுக்கவில்லை. இதில் எந்தப் பொய்யை எழுதிப் புகார் கொடுப்பது? பார்த்தார்கள் என்றார்கள், பார்த்திருக்கலாம்.

உடன்குடி கருப்பட்டி
ராணி தங்கச்சி, உங்கள் அப்பா கதையைப் படித்த பிறகு உங்களோடு வாதாட எனக்கு மனமில்லை. சுபா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். இந்த வருஷம் கையிருப்பைத் தினமும் காலையில் தராசில் வைத்து, எண் தெரிய வீடியோ போடப்போகிறேன். தீரும்போது தீர்ந்தது என்று எழுதுவேன். அந்த அம்மாவுக்கும் லிங்க் அனுப்புவேன்.

சேலத்து நூல்காரி
அனுப்புங்கள் அண்ணா. நான் அந்தக் கடையில் எடுப்பதை நிறுத்திவிட்டேன். சம்பளத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்னாம் தேதி வரை புடவையை எடுத்து வைக்கிறேன், அதை என் லைவில் சொல்லியே விற்கிறேன்.