புளோட்டிங் பொயின்ட் சோதனையில் இன்ட் வகைகள் படுத்திய பாடு: திருகோணமலைப் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

உப்புவெளிக்காரன்:

கடைசி வருட புரொஜெக்ட் செய்கிற இரண்டு பெடியங்கள் என்னிடம் வந்தார்கள். "அண்ணா, லாப் மெஷினில் புளோட்டிங் பொயின்ட் யூனிட் பழுது போல. ஒருக்கா சரியா வருது, ஒருக்கா பிழையா வருது" என்றார்கள். (தசமப் புள்ளி உள்ள எண்களைக் கணக்குப் பார்க்கிற பகுதிதான் அந்த யூனிட். அப்படியான எண் வகை புளோட், முழு எண் வகை இன்ட்.) எங்கள் ஊரில் எந்த எலக்ட்ரொனிக் சாமான் மக்கர் பண்ணினாலும் பழி உப்புக் காற்றின் மேல்தான் விழும். இவர்களும் மதர்போர்டைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

ஓடவிட்டது ஜோன் ஹவுசரின் டெஸ்ட்புளோட், பழைய 2ஆம் வெளியீடு. தெரியாதவர்களுக்கு: கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் எல்லாவற்றையும் முழு எண்களை மட்டும் வைத்துச் செய்து சரியான விடையை எடுப்பது சொஃப்ட்புளோட். அதே கணக்கை மெஷினிடம் கொடுத்து, இரண்டு விடைகளையும் பிட் பிட்டாக ஒப்பிடுவது டெஸ்ட்புளோட். சாதாரண சமன்பாட்டுக் குறியால் ஒப்பிட முடியாது. மறைப் பூச்சியமும் நேர்ப் பூச்சியமும் சமம் என்று சி மொழி சொல்லும், NaN என்கிற "எண்ணே இல்லை" மதிப்போ தனக்குத் தானே சமமில்லை. அதனால் புளோட்டை ஒரு யூனியனில் (ஒரே நினைவக இடத்தை இரண்டு வகையாக வாசிக்க விடுகிற அமைப்பு) போட்டு, பக்கத்தில் அதே அளவான முழு எண்ணாக வாசிக்க வேண்டும். அந்த "அதே அளவான" என்பதில்தான் சிக்கல்.

பழைய வெளியீட்டில் ஒவ்வொரு மெஷின் வகைக்கும், எண் வகைகளை வரையறுக்கிற ஒரு சின்ன ஹெடர் கோப்பு உண்டு. இவர்களுக்குக் கிடைத்த பிரதியில் அதை யாரோ விண்டோஸுக்காக மாற்றி, பிட்ஸ்32 என்பதை அன்சைன்ட் லாங் (மறைக் குறி இல்லாத ஒரு முழு எண் வகை) என்று வைத்திருந்தார்கள். விண்டோஸில் அது பிழையில்லை, 64 பிட் விண்டோஸிலும் லாங் 32 பிட்தான். லாபில் இருந்ததோ 64 பிட் லினக்ஸ். அங்கே லாங் 64 பிட். யூனியனின் கீழ்ப்பாதி 4 பைட்டில் புளோட் இருக்கிறது, மேல்பாதி 4 பைட்டில் தற்காலிக நினைவகமான ஸ்டாக்கில் ஏற்கெனவே கிடந்த குப்பை இருக்கிறது. குப்பை பூச்சியமாக அமைந்த நேரம் விடை "சரி", இல்லாத நேரம் "பிழை". ஹார்ட்வெயார் பழுது என்று நினைக்க வேறென்ன வேண்டும்?

அன்சைன்ட் இன்ட் என்று மாற்றியதும் தீர்ந்தது. கூடவே ஹெடரின் அடியில் ஒரு காவலும் போட்டுக் கொடுத்தேன்: அளவு 4 பைட் இல்லை என்றால் ஒரு கார் (char, 1 பைட் வகை) அணியின் நீளம் மறை எண்ணாகும்படி ஒரு டைப்டெஃப் (வகைக்குப் பெயர் வைக்கிற வரி). நீளம் மறையானால் கொம்பைல் ஆகாது. சி11 கொம்பைலர் என்றால் ஸ்டாட்டிக் அசெர்ட் இருக்கிறது, இந்த வித்தை தேவையில்லை.

கிண்ணியாப் பெடியன்:

எங்களுக்கும் இதே மாதிரி ஒன்று, ஆனால் ஆர்டுயினோ யூனோவில். கூட்டலைப் பார்க்க என் மச்சான் சின்னதாக ஒரு கோட் எழுதினான். ஆச்சரியம் என்னவென்றால், பூச்சியமும் சப்நோர்மல் எண்களும் (பூச்சியத்துக்கு மிகக் கிட்ட உள்ள மிகச் சிறிய எண்கள்) ஒன்றோடொன்று கூடும்போது விடை சரி. மற்றதெல்லாம் நாசம்.

அந்தத் துப்பே போதுமாக இருந்தது. சப்நோர்மலுக்கு, சேமிக்காமலே முன்னால் இருப்பதாகக் கொள்கிற அந்த மறைந்திருக்கும் 1 கிடையாது, சாதாரண எண்ணுக்கு உண்டு. 23 பிட் பின்னப் பகுதிக்கு மேலே அந்த 1ஐ ஒட்ட அவன் எழுதியது 1 << 23. யூனோவில் இன்ட் 16 பிட். 1ஐ 23 இடம் தள்ளினால் அது போயே போய்விட்டது. கொம்பைலர் எச்சரிக்கையும் கொடுத்திருந்தது, ஆர்டுயினோ விண்டோவில் அதை யார் வாசிக்கிறார்கள்? 1க்குப் பின்னால் யூ, எல் இரண்டையும் சேர்த்ததும் சரி.

அடுத்தது டபுளையும் சோதிப்போம் என்று வெளிக்கிட்டான். யூனோவில் டபுளும் 4 பைட்தான் என்று சொல்லி நிறுத்தினேன்.

ஓர்ஸ்ஹில் அக்கா:

தம்பி, சொஃப்ட்புளோட்டைத் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் ஹவுசர் தள்ளல் இல்லாமல் ஹெக்ஸ் எண்ணாகவே எழுதியிருப்பார். எழுதின எண் இன்ட்டுக்குள் அடங்காவிட்டால் கொம்பைலர் தானாகவே லாங்குக்குப் போய்விடும். 1 என்பது எந்த மெஷினிலும் வெறும் இன்ட், தள்ளின பிறகும் இன்ட்தான்.

உப்புவெளி அண்ணா சொன்னதோடு எனக்கு ஒரு சின்ன முரண்பாடு இருக்கிறது. அளவைக் காவல் காப்பது நல்லது, ஆனால் எல்லா வகைக்கும் காவல் போடக் கூடாது. அந்த ஹெடரில் இரண்டு குடும்பம் உண்டு. பிட்ஸ்8, பிட்ஸ்16, பிட்ஸ்32 என்பவை சரியாக அத்தனை பிட். யூஇன்ட்8, இன்ட்16 போன்றவை குறைந்தது அத்தனை பிட், மெஷினுக்கு வசதியான எதுவும் ஆகலாம். சில மெஷின்களுக்கான கோப்பில் யூஇன்ட்8 என்பது வெறும் இன்ட்! முதன்முதலில் பார்க்கிற எல்லாரும் "இது பிழை" என்று அதை அன்சைன்ட் காராக மாற்றப் போவார்கள். நான் வேலை செய்கிற குழுவிலும் ஒருவர் மாற்றினார். சோதனை எதுவும் பிழை காட்டவில்லை, ஆனால் எழுதினவர் சொல்ல வந்தது அங்கே தொலைந்துபோனது. எண்ணிக்கை, கொடி, அடுக்கு (புளோட்டின் புள்ளி எங்கே என்று சொல்கிற பகுதி) இவற்றுக்கு அளவு முக்கியமில்லை. புளோட்டின் உடலைத் தொடுகிற இடத்தில் மட்டும்தான் முக்கியம். இந்தப் பிரிவைப் பெயரிலேயே வைத்ததுதான் அந்த நிரலின் பெரிய கெட்டித்தனம் என்பேன். பெயரைத் தேர்ந்தது மட்டும் அவ்வளவு நல்லதில்லை. யூஇன்ட்8 என்று கண்டால் சரியாக 8 பிட் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

இன்னொன்று. 32 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கி 64 பிட் எடுக்கிற இடத்தில், எண்களை 16 பிட் துண்டுகளாக வெட்டிப் பெருக்குவார். பெருக்கும் முன் ஒரு துண்டை பிட்ஸ்32 என்று காஸ்ட் பண்ணியிருக்கும், அதாவது வகையை மாற்றியிருக்கும். "இது தேவையில்லாத காஸ்ட்" என்று அழிக்கப் பார்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். அழித்தால் 16 பிட் அன்சைன்ட் துண்டுகள் 32 பிட் மெஷினில் சைன்ட் இன்ட்டாக உயரும். 65535 தர 65535 என்பது 4294836225. சைன்ட் இன்ட்டின் உச்சம் 2147483647. அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் சி மொழி பொறுப்பேற்காது. வகைக்கு எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும் இந்த உயர்த்தலை அது தடுக்காது.

மூதூர்:

இதெல்லாம் பழைய கதை இல்லையா அக்கா? சி99 வந்த பிறகு, அளவு குறித்த முழு எண் வகைகளைத் தருகிற எஸ்டிடி-இன்ட் ஹெடரைப் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

ஓர்ஸ்ஹில் அக்கா:

பாதி முடிந்தது. சொஃப்ட்புளோட் 3ஆம் வெளியீடு அதைத்தான் பாவிக்கிறது. அங்கேயும் அதே இரண்டு குடும்பம்தான்: சரியான அளவுக்கு யூஇன்ட்32_டி, வசதிக்கு யூஇன்ட்_ஃபாஸ்ட்32_டி. 64 பிட் இன்டெல் லினக்ஸில் ஃபாஸ்ட்16 எத்தனை பைட் என்று சைஸ்ஒஃப் போட்டுப் பார். 8 வரும். 65535க்கு அடுத்தது பூச்சியம் என்று நம்பி ஃபாஸ்ட்16இல் எண்ணினால் கவிழ்ந்துவிடும். பிறகு, விசுவல் ஸ்டூடியோவில் அந்த ஹெடர் 2010 பதிப்பில்தான் வந்தது. பழைய விண்டோஸ் கோட் கையில் கிடைத்தால் நீயே டைப்டெஃப் எழுத வேண்டி வரும்.

சீனக்குடா:

என் பங்குக்கு இரண்டு.

ஒன்று, ராஸ்பெரி பையும் பிசியும். கொம்பைலர் இரண்டிலும் ஜிசிசி, கோட் ஒன்றே, விடை வேறு. கூட்டலில் அடுக்கு வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது சின்ன எண்ணை வலப்பக்கம் தள்ள வேண்டும். 32 பிட் எண்ணை 32 இடம் தள்ளினால் என்ன வரும் என்று சி வரையறுக்கவில்லை. இன்டெல் சிப் தள்ளல் எண்ணின் கடைசி 5 பிட்டை மட்டும் பார்க்கும், 32 என்பது அதற்குப் பூச்சியம், எண் அசையாமல் அப்படியே நிற்கும். 32 பிட் ஆர்ம் கடைசி பைட்டைப் பார்க்கும், பூச்சியம் தரும். நாங்கள் பார்த்த கோட்டில் இதற்குக் காப்பு இல்லை. சொஃப்ட்புளோட்டில் இருக்கிறது: பூச்சியமா, 32க்குக் குறைவா, 32 அல்லது அதற்கு மேலா என்று மூன்றாகப் பிரித்துத்தான் தள்ளும்.

இரண்டாவது, அதே ராஸ்பெரி பையில் வெறும் காரை 8 பிட் சைன்ட் எண்ணாக வைத்திருந்த இன்னொரு ஹெடர். ஆர்ம் லினக்ஸில் வெறும் கார் அன்சைன்ட். மறை அடுக்கு எதுவும் மறையாக வரவே இல்லை. சைன்ட் என்ற சொல்லை முன்னால் போட்டதும் தீர்ந்தது.

இப்போது நான் போர்டுகளில் இந்த வேலையே பார்ப்பதில்லை. 3ஆம் வெளியீட்டில் டெஸ்ட்புளோட்_ஜென், டெஸ்ட்புளோட்_வெர் என்று இரண்டு தனி நிரல்கள் உண்டு. முதலாவது பிசியில் இருந்து எண்களை ஹெக்ஸ் வரிகளாகத் துப்பும். போர்ட் அதை சீரியலில் வாங்கி, கணக்கைச் செய்து, விடையையும் எக்செப்ஷன் கொடிகளையும் (கணக்கில் வழமைக்கு மாறாக ஏதும் நடந்ததா என்று சொல்லும் பிட்கள்) திருப்பி அனுப்பும். இரண்டாவது பிசியில் இருந்தே சரிபார்க்கும். போர்டில் தேவைப்படுவது ஒரேயொரு 32 பிட் வகை. அதை மட்டும் சரியாக வைத்தால் போதும்.

கிண்ணியாப் பெடியன்:

யூனோவில் சரிவருமா? சீரியல் ஆமை வேகமல்லவா?

சீனக்குடா:

யூனோவை விடு, அதன் மென்பொருள் புளோட்டில் எக்செப்ஷன் கொடிகளே கிடையாது. யூனிட் உள்ள கோர்டெக்ஸ் எம்4 போர்டில் செய்து பார், அது சிங்கிள் (32 பிட்) புளோட்டுக்கானது. 32 பிட் கூட்டலுக்கு முதல் மட்டத்தில் 46464 சோதனை. திரும்பி வருகிற வரி ஒன்று சுமார் 29 எழுத்து. செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் வைத்தால் 23 நிமிடம் அளவில் ஆகும், 115200 என்றால் 2 நிமிடம். டபுளைக் கேட்காதே, எம்4 யூனிட்டில் டபுள் இல்லை. கொம்பைலரின் மென்பொருள் லைப்ரரியைத்தான் சோதித்ததாக முடியும்.