புதுப்பிப்பு: மழை நின்றும் மட்டிப் படுகை ஏன் திறக்கவில்லை?

மழை நின்று தண்ணீர் தெளிந்த பிறகும் மட்டி எடுக்க ஏன் தடை என்று முன்பு கேட்டிருந்தேன். படுகையைக் கவனிப்பவர்களிடமே விசாரித்துவிட்டேன்.

மழைநீர் கரையிலுள்ள கழிவையும் கிருமிகளையும் கடலுக்குள் அடித்துக்கொண்டு போகிறது. மட்டி தண்ணீரை வடிகட்டித்தான் இரை எடுக்கும். கிருமியும் அதன் உடலில் சேர்ந்துவிடும். தண்ணீர் தெளிந்தாலும் உள்ளே இருப்பது வெளியேற நாள் பிடிக்கும். அதனால் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் திறப்பார்களாம். நியாயம்தான்.

‘நன்றாக வேகவைத்தால் போதும்’ என்று சிலர் சொல்லியிருந்தீர்கள். கிருமி சாகலாம். ஆனால் கடலில் நச்சுப்பாசி பெருகும்போது மட்டியில் சேரும் சாக்சிடாக்சின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. தயவுசெய்து அந்த யோசனையைக் கைவிடுங்கள்.

அப்புறம், குறிப்பிட்ட அளவைவிடச் சிறிய மட்டியை எடுக்கக் கூடாது என்ற விதி: ஒருமுறையாவது முட்டையிட்ட பிறகே மட்டி பிடிபட வேண்டும் என்பதற்காக. தோண்டிய குழியையும் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால், தோண்டிக் குவித்த மணலுக்கடியில் மட்டிக் குஞ்சுகள் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

தடை இன்னும் நீங்கவில்லை.